சேலைக்குத் திரும்பியவர்கள்

சுகுணாவின் கழுத்தில் தாலி ஏறுவதற்குச் சற்று முன்னால், அவள் கட்டியிருந்த முகூர்த்தப் பட்டிலிருந்து மயில்கள் மறைந்துபோயின. முந்தானையில் தோகை விரித்து நின்ற பெரிய மயில் இரண்டும், பார்டரில் ஒன்றன் பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்த சின்ன மயில்களும், உடம்பெல்லாம் இறைந்து கிடந்த மாங்காய்ப் புட்டாக்களும் கற்பூரம் கரைவதுபோலக் கரைந்து, அரக்குச் சிவப்பில் வெறும் பட்டு மட்டும் மிஞ்சியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார், மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். "சேலை கிழியலையே, சேலையாத்தானே இருக்குது. நேரம் போகுது, கட்டுங்க" என்று பெண்ணின் தாய்மாமன் சொல்ல, கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை போடக் கையைத் தூக்கிய பெண்கள் அப்போதுதான் தங்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள். யானை கட்டியவளுக்கு யானை இல்லை, அன்னம் கட்டியவளுக்கு அன்னம் இல்லை, கோபுர பார்டர் கட்டியவளுக்குக் கோபுரம் இல்லை.

அதே நேரத்தில் கரட்டூரின் கீழத் தெருவில், ஒரு மாடி அறையில், பரிமளம் தன் கம்ப்யூட்டர் திரை நீலமாகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் ஓடும் விசைத்தறிகள் அத்தனைக்கும் டிசைன் போடுகிறவள் அவள்தான். கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் படிக்க ஆரம்பித்து, இருபது வருஷமாக அவள் அந்தத் திரையில் கட்டம் கட்டமாக வரைந்த மயிலும் யாளியும்தான் பென் டிரைவில் ஏறி, தறிக்கு மேலே இருக்கும் பெட்டிக்குள் இறங்கி, பட்டில் விழுந்து, சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் கொழும்புக்கும் போயின. இப்போது அந்த மெஷினில் வைரஸ் புகுந்து எதையும் திறக்க விடாமல் செய்ததால், சேலத்திலிருந்து வந்த சிஸ்டம் சர்வீஸ் அன்வர் எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"பேக்கப் இருக்குல்லக்கா?" என்று அழிப்பதற்கு முன்னாலேயே கேட்டிருந்தான்.

இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று பரிமளம் எல்லா டிசைனையும் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படங்களுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். மற்ற வீடுகளில் அரிவாள்மணைக்குப் பொட்டு வைப்பதுபோல அவள் அதற்கு வைத்தாள். போன ஆயுத பூஜை வரைக்கும் உள்ளதெல்லாம் அதில் பத்திரமாக இருந்தது.

ஆனால் ஊருக்கு அது தெரியாது. மண்டபத்திலிருந்து வீட்டுக்கு ஓடிய பெண்கள் பீரோவைத் திறந்து, மடிப்பு மடிப்பாக உதறிப் பார்த்து, எல்லாம் வெறுமையாகிக் கிடப்பதைக் கண்டு கட்டிலில் உட்கார்ந்தார்கள். தறி முதலாளி அங்கமுத்துவுக்கு வெளியூர்க் கடைகளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அலமாரி நிறைய வெறும் பட்டு நிற்கிறது, வாடிக்கையாளர்கள் வந்து கேட்கிறார்கள், என்ன சொல்வது என்றார்கள். அங்கமுத்து பரிமளத்தின் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, அழித்ததையும் சேலை வெறுமையானதையும் சேர்த்துப் பார்த்தார்.

"போனது திரும்ப வருமா, பரிமளம்?"

"நகல் இருக்குதுங்க. போட்டுப் பார்ப்போம்" என்றாள் அவள்.

மறுநாள் சந்தை நாள். காலையில் அன்வர் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்கைச் சொருகி, நகலை உள்ளே இழுத்துவிட்டான். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. அது கொஞ்ச தூரம்கூட ஊர்ந்திருக்காது, ஊருக்கு வடக்கே நிற்கும் மொட்டைக் கரட்டுக் குன்றின் பக்கமிருந்து அவை வரத் தொடங்கின.

முதலில் வந்தது ஒரே ஒரு அன்னம். தக்காளிக் கூடைகளுக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவே உள்ளங்கை உயரத்துக்குத் தங்கமாக நடந்து வந்தது, வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசைக் கீழே வைக்காமல் காலை மட்டும் ஒதுக்கி அதற்கு வழிவிட்டான். அதன் பின்னால் மயில்கள் வந்தன, மயில்களுக்குப் பின்னால் கிளிகள் வந்தன, கிளிகளுக்குப் பின்னால் பூனைக்குட்டி உயரத்தில் யானைகள் துதிக்கையால் முன்னே போகும் யானையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன, முந்தானையில் மட்டுமே வாழ்ந்து பழகிய யாளிகள் கன்றுக்குட்டி அளவில் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தன, ருத்திராட்சங்கள் உருண்டு வந்தன, மாங்காய்ப் புட்டாக்கள் காற்றில் அடித்துவரும் சருகுபோலச் சரசரவென்று தெருவை நிறைத்து வந்தன, கோபுர பார்டரின் கோபுரங்கள் சாக்கடை ஓரமாக வரிசை கலையாமல் நகர்ந்து வந்தன. சந்தை முழுவதும் எழுந்து நின்றது. யாரும் கத்தவில்லை. பாத்திரக் கடைக்காரி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கையைக் கூப்பினாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் கூப்பினார்கள். பவானி போகிற பஸ் வந்து நின்றது, டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி, கடைசி ருத்திராட்சம் உருண்டு கடக்கும் வரை காத்திருந்தார்.

பக்கவாட்டில் பார்த்தால்தான் அவை முழுசாகத் தெரிந்தன. நேருக்கு நேர் திரும்பினால் ஒரு நூலிழையாக மெலிந்துவிடும். மறுபக்கம் போய்ப் பார்த்தால், சேலையின் உள்பக்கம்போல, வெட்டிவிட்ட நூல்கள் பிசிறு பிசிறாகத் தொங்கின. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒவ்வொன்றுதான் வந்திருந்தது. அந்த ஒரு மயில் உள்ளே போனால் அந்த மயில் இருந்த எல்லாச் சேலையிலும் அது மறுபடி நிற்கும் என்று ஊர் தானாகவே புரிந்துகொண்டது.

ஆனால் அவை உள்ளே போகவில்லை. பெண்கள் வாசலில் சேலையை விரித்துப் போட்டுக் கூப்பிட்டார்கள். மயில்கள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கதவு சாத்திய வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றன.

அன்வர் தலையைச் சொறிந்தான். "ஃபைல் எல்லாம் வந்துருச்சுக்கா. அதைத் திறக்கிற டிசைன் சாஃப்ட்வேர் இல்ல. அது பேக்கப்புல வராது, தனியாத்தான் போடணும். போட்டுட்டேன், ஆனா கம்பெனிக்காரங்க ஆக்டிவேஷன் நம்பர் அனுப்பணும். உங்க போனுக்கு வரும். வந்ததும் இந்தக் கட்டத்துல அடிச்சு என்டர் தட்டுங்க, அவ்வளவுதான்." அவன் பையை மாட்டிக்கொண்டு, யானைகளை மிதித்துவிடாமல் படியில் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனான்.

அப்புறம் கரட்டூர் அவற்றோடு வாழப் பழகிக்கொண்டது. மதில்மேலும் கேபிள் ஒயர்மேலும் தண்ணீர்த் தொட்டிமேலும் அவை உட்கார்ந்திருந்தன. கம்பும் பொரியும் வைத்துப் பார்த்தார்கள், அவை சீண்டவில்லை. தறிச் சத்தம் கேட்டால் மட்டும் அசையாமல் நின்று கண்ணை மூடிக்கொண்டன என்பதைக் கண்டுபிடித்த பிறகு, டிசைன் இல்லாமல் நின்றிருந்த தறிகளில் அங்கமுத்து வெறும் துணியை ஓட்டச் சொன்னார். அந்தத் தடதடப்பில் யாளிகள் ஷெட் வாசலில் கால் மடக்கிப் படுத்தன. ஊர்ப் பூனைகள் ஒரு நாள் அன்னங்களைத் துரத்தின, வாயில் ஜரிகை சிக்கியதும் விட்டுவிட்டன. மாங்காய்ப் புட்டாக்களைப் பெண்கள் முறத்தில் அள்ளி ஒதுக்கி வைத்துவிட்டு வாசலுக்குக் கோலம் போட்டார்கள். ஒரு யானைக்குத் தந்தம் இல்லாததைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் பரிமளம் அதற்குத் தந்தம் வரைந்திருந்தாள், நகலில் இருந்தது பழைய யானை. பொங்கலுக்குப் போட்ட கிளிகளும் சித்திரைக்குப் போட்ட தாமரைகளும் வரவே இல்லை. அந்தச் சேலை வாங்கியவர்கள் ஒரு வாரம் வழியைப் பார்த்துவிட்டு, வெறும் பட்டும் ஒரு அழகுதான் என்று கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.

பரிமளத்தின் வீட்டில் மட்டும் ஒரு சங்கதி நடந்திருந்தது, அதை அவள் வெளியே சொல்லவில்லை.

எல்லாம் வந்த அன்று, எல்லாவற்றுக்கும் கடைசியாக, அவள் மாடி அறைக்குள் ஒரு பெண் குழந்தை நடந்து வந்தது. முழங்கை உயரம். இரட்டை ஜடை, பச்சைப் பட்டுப் பாவாடை, உடம்பெல்லாம் ஜரிகை. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே, தரையில், காலை நீட்டி உட்கார்ந்து, மீனுக்குப் பொரி போடுவதுபோல ஒரு கையை நீட்டிக்கொண்டது.

பரிமளம் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'குளத்தங்கரை' என்று ஒரு டிசைன். மகள் நிறைமதிக்கு ஏழு வயசு இருக்கும்போது, கோடை விடுமுறையில், இதே இடத்தில் இப்படித்தான் காலை நீட்டிப் பொரி தின்றுகொண்டிருப்பாள். அவளைப் பக்கவாட்டில் பார்த்து வரைந்து, முன்னால் ஒரு குளமும் மீனும் வைத்து, பார்டராக ஓட்டினாள் பரிமளம். எத்தனையோ பெண்களின் கால்விரலுக்கு மேலே அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. அது யாரென்று அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் குமரவேலுக்கும் மட்டும்தான் தெரியும்.

நிறைமதி இப்போது பவானியில் இருக்கிறாள். ஆட்டோ ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்டீபன் என்கிற பையனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்ல வந்தவளிடம், "இனி என் கண்ணுல முழிக்காதே" என்றாள் பரிமளம். அவளும் முழிக்கவில்லை. குமரவேல் மட்டும் தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்று மகளோடு போனில் பேசுவார், பரிமளம் அது தெரியாததுபோல இருப்பாள்.

இந்தக் குழந்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கேயும் போகிறேன் என்று சொல்லவில்லை. பரிமளம் சமைக்கப் போனால் பின்னாலேயே வந்து அடுப்படியில் உட்கார்ந்தது, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் அங்கேயும் வந்தது. அதன் ஜடை காற்றில் ஆடும்போது தங்கத் தூள் மாதிரி வெளிச்சம் சுவரில் ஓடியது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது நெஞ்சு நிறைவதுபோல நாள் முழுக்க அவளுக்கு நிறைந்திருந்தது. முகத்தை நேராகப் பார்க்க வேண்டுமென்று அவள் எதிரே போய் உட்கார்ந்தால் மட்டும், குழந்தை ஒரு நூலிழையாகிவிடும். சரி, பக்கவாட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி எழுந்து வந்துவிடுவாள்.

கம்பெனியிலிருந்து நம்பர் வந்தது. அவள் போனைத் திறந்து பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்தாள்.

"நம்பர் வந்துருச்சா?" என்று அங்கமுத்து கேட்டார்.

"இன்னும் வரலைங்க" என்றாள்.

சுகுணா புருஷன் வீட்டிலிருந்து வந்து கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னாள். சுகுணா போகும்போது மதில்மேல் இருந்த தன் மயிலை அண்ணாந்து பார்த்து, "அதுக்குள்ள பறந்து போயிராதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் காலையில் குமரவேல் அந்தக் குழந்தையிடம் வந்தார். தரையில் அதன் பக்கத்தில் படுத்து, தலைக்குக் கை கொடுத்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தறிக்குப் போய், சத்தத்துக்கு நடுவில் நின்று, மகளுக்குப் போன் போட்டார்.

நிறைமதி மத்தியான பஸ்ஸில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி, அறை வாசலில் நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலியோடு ஒரு சின்னச் சிலுவையும் இருந்தது. பரிமளம் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

"உங்கப்பா சொன்னாரா?"

"சொன்னாரு."

அவள் உள்ளே வந்து, குழந்தையின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் நீட்டிய கையை நிறைமதி பார்த்தாள், அதன் மூக்கைப் பார்த்தாள், தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். இப்படி ஒன்றை அவள் எங்கும் கண்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் எவ்வளவு அழகாக இருந்திருக்கிறோம் என்றல்ல, யாரோ ஒருத்தர் எவ்வளவு நேரம் தன்னை உட்கார்ந்து பார்த்திருந்தால் இதை வரைந்திருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இத்தனை நாளு இப்படி ஒண்ணு சேலையில இருக்குதுன்னே எனக்குத் தெரியாதும்மா."

நிறைமதி குழந்தையின் ஜடையைத் தொட்டாள். தொட்டவள் கையைப் பின்னால் எடுத்து விரலைப் பார்த்தாள். விரலில் ஒரு ஜரிகை இழை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. குனிந்து பார்த்தாள். ஜடையின் நுனி அவிழ்ந்து, பாவாடையின் ஓரம் பிரிந்து, இழை இழையாகத் தரையில் கிடந்தது.

"அம்மா, இது அவுந்துகிட்டு வருது."

"தெரியும்."

"வர்ற வழியில மயிலுங்களையும் பார்த்தேன். பாதித் தோகைதான் இருக்குது. யானைக்கு வாலே இல்ல. எல்லாரும் நூலைப் பொறுக்கி டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க." அவள் திரைப் பக்கம் திரும்பினாள். "நம்பர் இன்னும் வரலையா?"

பரிமளம் போனை எடுத்து மகளிடம் நீட்டினாள். நிறைமதி படித்தாள். தேதியையும் படித்தாள். கோபப்படுவாள் என்று பரிமளம் எதிர்பார்த்தாள். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, அவிழ்ந்த ஜடையைப் பொறுமையாக மூன்றாகப் பிரித்து மறுபடி பின்னினாள். பின்னப் பின்ன இழை கழன்று வந்தது.

"இவ உங்கூட சண்டை போட மாட்டாம்மா. ஆனா இவளுக்கு உன்னைத் தெரியாது" என்றாள். "நீ போட்ட படத்துல இவ குளத்தைத்தான் பார்க்குறா."

பரிமளம் அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள். நிறைமதி அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி, இரண்டு கண்கள், அழுததால் சிவந்த மூக்கு, வலது கன்னத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பரு, பேசலாமா வேண்டாமா என்று நிற்கும் உதடு, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. நேரே பார்த்தாலும் மெலிந்து போகாத முகம். நாளெல்லாம் ஜரிகை வெளிச்சத்தில் நெஞ்சு நிறைந்துகிடந்த பரிமளத்துக்கு இப்போதுதான் உண்மையில் மூச்சு முட்டியது.

"படி" என்றாள், கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு.

நிறைமதி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பரிமளம் ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண்ணுக்கு அப்புறம் கை நின்றது. அவள் குனிந்து, குழந்தையின் உச்சந்தலைக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நிறைமதி கேட்கவில்லை. பிறகு என்டரைத் தட்டினாள்.

கரட்டூர் தெருக்களில் ஒரு பெருமூச்சு போன சத்தம் கேட்டது. டப்பாக்களில் இருந்த நூலெல்லாம் எழுந்து, காற்றில் நெளிந்து, எந்தத் தோகையிலிருந்து உதிர்ந்ததோ அந்தத் தோகைக்கே போய்ச் சேர்ந்தது. மதில்களிலிருந்து மயில்கள் இறங்கின, ஒயரிலிருந்து கிளிகள் இறங்கின, யாளிகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டன. வாசலில் விரித்திருந்த சேலைகளின் ஓரத்தில் ஒரு கணம் நின்று, குளத்தில் இறங்குவதுபோல முதலில் காலை வைத்து, பிறகு முழுதாக உள்ளே போயின. கோபுரங்கள் வரிசையாக ஏறின, ருத்திராட்சங்கள் தாவி ஒட்டின, முறங்களிலிருந்து மாங்காய்கள் குபுக்கென்று கிளம்பிப் பட்டெல்லாம் இறைந்தன. சுகுணா தன் மயில் தோகை விரிப்பதைத் தொட்டுப் பார்த்தாள், அது பட்டாக இருந்தது, கொஞ்சம் சூடாகவும் இருந்தது. தந்தமில்லாத யானை தந்தமில்லாமலேயே உள்ளே போய் நின்றது, அதை அப்படியே வைத்துக்கொள்வது என்று ஊர் முடிவு பண்ணியது.

மாடி அறையில் சின்னப் பெண் எழுந்து நின்றது. குமரவேல் கொண்டுவந்து விரித்த குளத்தங்கரைச் சேலையில், நீரோரமாக, தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்தது. மீன்கள் வந்து அதன் கைக்குக் கீழே கூடின.

பரிமளம் அந்தச் சேலையை மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டாள். "எத்தனை மணிக்குப் பஸ்?" என்று மகளிடம் கேட்டாள். தனக்கா அவளுக்கா என்று சொல்லவில்லை. நிறைமதி, "இப்போ ஒண்ணு இருக்குது, ரெண்டு சீட்டு கிடைக்கும்" என்றாள்.

சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள் பரிமளம். வழி நெடுக, ரோட்டோரம் நின்றிருந்த பெண்களும், களத்துமேட்டில் கதிர் அடித்துக்கொண்டிருந்த பெண்களும், வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் குனிந்து தங்கள் சேலையைப் பார்த்துக்கொண்டும், ஒருத்தர் முந்தானையை ஒருத்தர் பிடித்து வெயிலில் காட்டிக்கொண்டும் இருந்தார்கள். கொடிக் கயிற்றில் காய்ந்த சேலைகளில் அன்னங்கள் மறுபடி நிற்பதை அவள் கண்ணால் பார்த்தாள். தன் கையிலிருந்து இவ்வளவு தூரம் போயிருக்கிறதா என்று அவளுக்கு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சேலத்துக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

பவானியில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நடந்தார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு ஆட்டோ ஜாக்கியில் நின்றது, அதன் கீழிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றாள் நிறைமதி.

ஸ்டீபன் ஆட்டோவுக்குக் கீழிருந்து சறுக்கி வெளியே வந்தான். முழங்கை வரைக்கும் கருப்பு கிரீஸ். அவன் பரிமளத்தைப் பார்த்தான், கையைக் கூப்பப் போனான், கிரீஸைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வாங்க அத்தை" என்றான்.

பரிமளம் வாசலில் செருப்பைக் கழற்றினாள். "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க, மாப்பிள்ளை" என்றாள். "நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

அவன் உள்ளே போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.